கீழக்கரையில் ஒரு மார்கழிப் புதன்

செவ்வாய் இரவு, ராமநாதபுரம்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் வண்டிகள் ராமநாதபுரத்தில் ஒரு டீ குடிக்கிற நேரம் நிற்கும், அப்புறம் கிளம்பிவிடும். அதில் போகிறவர்களுக்கும் இந்த ஊரோடு அவ்வளவுதான் பழக்கம். எனக்கு இது ரொம்ப நாளாக மனக்குறை. முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே, இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் தலைநகரான ஊர் இது. கடற்கரைப் பக்கம் கொஞ்சம் இறங்கினால் அதைவிடப் பழைய துறைமுகங்கள் இருக்கின்றன. அதனால் இந்த முறை நானும் மனைவியும் ராமேஸ்வரத்தைத் திட்டத்திலேயே சேர்க்கவில்லை. ராமநாதபுரத்தில் அறை, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கரையோர ஊர்கள், நடை, சாப்பாடு. இவ்வளவுதான் திட்டம்.

மார்கழி என்றாலும் இங்கே போர்வை தேடும் குளிர் கிடையாது. வெயில் சுடாமல் இருக்கும், சாயங்காலம் வாடைக் காற்று வரும். இந்த மாவட்டத்தில் பகல் முழுக்க நடக்க முடிகிற மாதங்கள் வருஷத்தில் கொஞ்சம்தான்.

மத்தியானம் வந்து இறங்கியதும் அரண்மனைக்குப் போனோம். போகலூரில் இருந்த தலைநகரை இங்கே மாற்றியவர் கிழவன் சேதுபதி. கோட்டையும் ராமலிங்க விலாசம் என்ற அரண்மனை மண்டபமும் அவர் காலத்தில் எழுந்தவை. இப்போது ராமலிங்க விலாசம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுவர் முழுக்க ஓவியம். பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டியவை. ராமாயணம், பாகவதம், போர்க்களம் எல்லாம் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது தொப்பி போட்ட ஐரோப்பியர்களைச் சேதுபதி சந்திக்கும் காட்சிதான். வந்தவர்களின் உடுப்பையும் நிற்கிற விதத்தையும் அந்த ஓவியர் விடாமல் பார்த்திருக்கிறார். இன்னொரு இடத்தில் ராஜராஜேஸ்வரி அம்மனே சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிறாள். அந்த அம்மனுக்கு அரண்மனை வளாகத்திலேயே கோயிலும் இருக்கிறது.

1798 செப்டம்பர் 10 அன்று கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும், அது கைகலப்பில் முடிந்ததும் இந்தக் கட்டடத்தில்தான். வேலு நாச்சியார் பிறந்ததும் இந்த அரச குடும்பத்தில்தான். இவ்வளவு நடந்த இடத்தில் நாங்கள் இருந்த நேரத்தில் எங்களைத் தவிர ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் மட்டுமே இருந்தது. அந்தப் பிள்ளைகள் வளரி என்ற வளைந்த எறி ஆயுதத்தைப் பார்த்துவிட்டு நகரவே மாட்டேன் என்றார்கள். நல்ல பிள்ளைகள்.

வெளியே வந்தால் அரண்மனைத் தெருவில் ஒரு பாட்டி பனங்கிழங்கைக் கட்டுக் கட்டாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பொங்கல் நெருங்கினால்தான் வரத்து கூடும், ஆனால் மார்கழியிலேயே வந்துவிட்டது. பனங்கொட்டைகளை மண்ணில் பாத்தி கட்டிப் புதைத்து, முளை கீழே இறங்கிக் கிழங்காகத் திரண்டதும் தோண்டி எடுக்கிறார்கள். மஞ்சள் பொடியும் உப்பும் போட்டு அவித்தது சூடாக இருந்தது. தோலை உரித்து நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் பீலியை உருவிப் போட்டுவிட்டு, ஓரத்துத் தும்பை இழுத்துவிட்டுக் கடிக்க வேண்டும். "அவசரப்படாம மெல்லணும்த்தா, அப்பத்தான் இனிப்பு தெரியும்" என்று என் மனைவியிடம் சொன்னார் பாட்டி. அவர் சொன்னது சரி. முதல் கடியில் வெறும் மாவு ருசி, மெல்ல மெல்லத்தான் இனிப்பு வருகிறது.

புதன், கீழக்கரை

காலை இட்லி முடித்துவிட்டு கீழக்கரை டவுன் பஸ். ஏறக்குறைய 17 கிலோமீட்டர். ஊரைத் தாண்டும்போதே சக்கரக்கோட்டைக் கண்மாய் வந்துவிடுகிறது. மழை பெய்து தண்ணீர் கிடந்தது, கருவை மரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். 2025இல் இந்தக் கண்மாயும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இதே மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022லேயே சேர்ந்துவிட்டன. வறண்ட மாவட்டம் என்று சொல்லிச் சொல்லியே இந்தக் கண்மாய்களை நாம் பார்க்காமல் விட்டோம். பாசனத்துக்கு வெட்டி வைத்தவர்களின் கைவேலைதான் இன்று வலசைப் பறவைகளுக்கு வீடு. சாலையின் இரண்டு பக்கமும் மிளகாய்ச் செடி பச்சைப் பசேலென்று நின்றது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் குண்டு மிளகாய். மாசி, பங்குனியில் வந்தால் இதே வழியில் பழம் காய்வதைக் களம் களமாகப் பார்க்கலாம்.

கீழக்கரையில் என் கல்லூரி நண்பனின் வீடு இருக்கிறது. அவன் துபாயில். நாங்கள் வருவது தெரிந்ததும் அங்கிருந்தே எல்லாருக்கும் போன் போட்டுவிட்டான். அவனுடைய மச்சான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்றார். "காக்கா, மொதல்ல வீட்டுக்கு வந்து டீ குடிங்க, அப்புறம் ஊரப் பார்க்கலாம்." இங்கே காக்கா என்றால் அண்ணன். சரி என்றோம். வீட்டில் இஞ்சி டீ. கூடவே வந்த பலகாரங்களை அளவோடு எடுத்துக்கொண்டோம், மத்தியானச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று முன்பே கேள்விப்பட்டிருந்ததால்.

முதலில் கடற்கரை. மன்னார் வளைகுடா தட்டையாகக் கிடந்தது, கரையைத் தொடுகிற இடத்தில் மட்டும் சின்னச் சலசலப்பு. வாடைக் காற்று வடக்கிலிருந்து தரை வழியாக வருவதால் இந்த மாதங்களில் தென்கடல் அடங்கியிருக்கும். அதே நேரம் நிலத்துக்கு அந்தப் பக்கம் பாக் நீரிணை கொந்தளிக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். ராமேஸ்வரம் தீவில் மீன்பிடிப்பவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் வடகரை, தென்கரை என்று இடம் மாறித் தொழில் செய்கிறார்கள்.

தூரத்தில் அப்பா தீவு ஒரு கோடாகத் தெரிந்தது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக இருக்கும் 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் கடல் அரித்ததும் சேர்ந்து செய்த வேலை. அனுமதி இல்லாமல் தீவுகளுக்குப் போக முடியாது, போகவும் வேண்டாம். பவளம் வளரும் வேகத்துக்கு அதைத் தனியாக விட்டுவைப்பதுதான் நாம் செய்யக்கூடிய உதவி.

மீன்பிடி வத்தைகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. கூடையில் ஓரா, விளைமீன், முரல், கொஞ்சம் கணவாய். ஏலம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது, ஏலம் கூறுபவரின் வேகம் எனக்குப் பிடிபடவே இல்லை. மச்சான் மட்டும் கண்ணாலேயே ஓரா மீன் ஒரு கூறு எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

அங்கிருந்து ஜும்மா பள்ளிவாசல். இந்தப் பயணத்தையே நான் இதற்காகத்தான் போட்டேன் என்று சொல்லலாம். மத்தியான லுஹர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. மச்சான் பொறுப்பாளரிடம் பேசி, கை கால் கழுவிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். மனைவி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு முகப்பு வரை வந்தாள்.

17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி எழுப்பியது என்று ஊர் சொல்லும் பள்ளி இது. முழுக்கக் கருங்கல். தெரியாமல் யாரையாவது கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து அவிழ்த்துவிட்டால் ஒரு கோயில் மண்டபத்தில் நிற்பதாகத்தான் நினைப்பார். அதே தூண்கள், மேலே உத்தரத்தைத் தாங்கும் அதே போதிகை, போதிகை நுனியில் கவிழ்ந்து தொங்கும் அதே பூமொட்டு. நான் ஒரு தூணின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். அடியில் சதுரம், மேலே போகப் போகப் பட்டைகள் கூடுகின்றன. சதுரப் பகுதியில் கோயிலாக இருந்தால் ஒரு யாளியோ நடன மாதோ வந்திருக்கும். இங்கே அந்த இடத்தில் விரிந்த தாமரை, கொடி, கோலம் மாதிரிப் பின்னல். உருவம் எதுவும் கிடையாது. மொட்டின் இதழ் ஒவ்வொன்றுக்கும் நடுவில் நரம்பு தெரிகிறது. விரலை வைத்தால் விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது.

இதைச் செதுக்கியவர்கள் பாண்டிநாட்டுக் கோயில் தச்சு பழகிய கைகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டவர்களுக்கும், எதைச் செய்ய முடியும் என்று தெரிந்தவர்களுக்கும் நடுவில் எவ்வளவு பேச்சு நடந்திருக்க வேண்டும்! ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் இப்படி ஒரு தூண் வராது. தமிழ்நாட்டின் கட்டடக்கலை என்று பாடப்புத்தகம் போடுகிறவர்கள் கீழக்கரையை விட்டுவிட்டுப் போடக்கூடாது.

சீதக்காதியின் அடக்கத்தலமும் இங்கேயே இருக்கிறது. செய்கு அப்துல் காதிர் என்பது அவர் பெயர். மரைக்காயர் வணிகக் குடும்பம், கப்பல்கள், முத்து, மிளகு, துணி. கிழவன் சேதுபதிக்கு ரொம்ப நெருக்கமானவர். நேற்றுப் பார்த்த கோட்டையையும் அரண்மனையையும் கட்ட அவர் உதவினார் என்று ஊரில் சொல்கிறார்கள். டச்சுக் கம்பெனியின் பழைய ஆவணங்களில் பெரியதம்பி மரைக்காயர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும், அது இவர்தான் என்பார்கள். இந்தக் கரையின் வியாபாரத்தை அவரை மீறித் தொட முடியவில்லை என்பதுதான் டச்சுக்காரர்களின் கவலை.

ஆனால் தமிழர்கள் அவரை ஞாபகம் வைத்திருப்பது வியாபாரத்துக்காக இல்லை. பொன்னும் நெல்லும் ஒரே விலைக்குப் போன பஞ்சத்தில், யார் தடுத்தும் நிறுத்தாமல் சோறு போட்டார் என்று பாடியிருக்கிறார் படிக்காசுப் புலவர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறோமே, அது பிறந்த இடம் இது. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கியதும் அவர் ஆதரவில்தான். நூல் முடிவதற்குள் சீதக்காதி போய்விட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் மிச்சத்தை ஏற்றுக்கொண்டார். உமறுவுக்கு வழிகாட்டிய ஆலிம் (மார்க்க அறிஞர்) சதக்கத்துல்லா அப்பாவின் தர்காவும் இதே ஊரில் இருக்கிறது. அங்கும் போய் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பேரரசரும் இல்லாமல் தலைநகரும் இல்லாமல், ஒரு துறைமுகத்து வியாபாரியும் ஒரு ஆலிமும் ஒரு புலவரும் சேர்ந்து ஒரு காப்பியத்துக்கு வழி செய்திருக்கிறார்கள். இந்த ஊருக்கு வந்து இதை நினைக்காமல் போனால் பாதி ஊரைப் பார்க்காத மாதிரி.

தெருக்கள் வழியாக நடந்து திரும்பினோம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பள்ளிவாசல், ஒரு ஜமாஅத். பழைய வீடுகளில் அகலத் திண்ணை, தேக்குக் கதவு. பல வீடுகள் பெண்மக்களுக்கு எழுதி வைத்தவை. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நண்பனின் வீடும் உண்மையில் அவன் லாத்தாவின், அதாவது அக்காவின் வீடுதான். ஆண்கள் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கும் ஊரில் பெண்கள் சொந்தக் கூரைக்குக் கீழே, தாயோடு பிறந்தவளோடு இருப்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று மனைவி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கும் அதுதான் தோன்றியது. அந்தக் காலத்தில் இலங்கை, மலாயா. இப்போது வளைகுடா. இங்கிருந்து கிளம்பிப் போனவர்களில் ஒருவர்தான், 1984இல் சென்னையில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கிய பி.எஸ்.அப்துர் ரஹ்மான்.

சாப்பாடு. இதை நிதானமாக எழுத வேண்டும்.

தரையில் பாய், பாய்மேல் வெள்ளை விரிப்பு. ஒரு சின்னப் பையன் செம்பில் தண்ணீரும் கீழே ஏந்த ஒரு ஏனமும் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினான். அப்புறம் சஹன் வந்தது. பெரிய வட்டத் தாம்பாளம், நடுவில் நெய்ச்சோறு குவியல், அதைச் சுற்றி நாங்கள் நாலு பேர்: நண்பனின் வாப்பா, மச்சான், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், நான். எல்லாருக்கும் ஒரே தட்டு. அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும், நடுவில் கை நீட்டக்கூடாது. கறி ஆணம் (குழம்பு), தாளிச்சா, பொரித்த ஓரா மீன், கத்தரிக்காய்ப் பச்சடி. ஆணத்தில் தேங்காய்ப்பால் இருப்பது நாக்குக்குத் தெரிகிறது, மிளகாய் தனியாகத் துருத்தவில்லை. காலையில் கூடையில் பார்த்த ஓரா அது, முள்ளை விட்டுச் சதை அப்படியே கழன்று வந்தது.

நான் கவனித்தது இன்னொன்று. வாப்பா தன் பக்கத்துக் கறித்துண்டுகளில் நல்லதாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் போதும் என்றால், "இது எங்க பக்கம் இருந்தா எனக்கு, உங்க பக்கம் வந்துட்டா உங்களுக்கு. நான் என்ன செய்யட்டும் தம்பி" என்றார். எனக்கு உடனே படிக்காசுப் புலவரின் அந்தப் பாட்டுத்தான் ஞாபகம் வந்தது. சோறு போடுவதில் இந்த ஊருக்கு இருக்கும் பெருமை முந்நூறு வருஷமாகக் குறையவில்லை. உள்கட்டில் பெண்களின் சஹனில் உட்கார்ந்த என் மனைவியின் நிலையும் இதேதான் என்று அப்புறம் தெரிந்தது.

கடைசியில் வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, ஏலக்காய் சேர்த்து ஆவியில் வேகவைத்தது. கரண்டி வைத்தால் நடுங்கும், வாயில் வைத்தால் கரையும். லாத்தா உள்ளிருந்து இரண்டாம் முறையும் கொடுத்தனுப்பினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சின்னத் தூக்கம் போட்டுவிட்டு நாலு மணிக்குத் தொதல் கடைக்கு. கீழக்கரை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தொதல்தான். கடையின் பின்னாலேயே அடுப்பு. ஆள் முங்கும் அளவுக்கு ஒரு பெரிய சட்டி, அதில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகும் மாவும் சேர்ந்து கருத்து, கனமாகக் கொதித்தது. இரண்டு பேர் மாற்றி மாற்றித் துடுப்புப் போடுகிறார்கள். ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் அடிப்பிடித்துவிடும், பிடித்தால் மொத்தமும் வீண். எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டேன். "நேரமெல்லாம் பாக்குறதில்ல காக்கா. எண்ணெயக் கக்கணும். கக்குனாத்தான் எறக்குவோம்." கொஞ்ச நேரத்தில் நானே பார்த்தேன். அதுவரை கூழாக ஒட்டிக்கொண்டிருந்தது துடுப்பை விட்டு விலகி உருண்டது, சட்டி ஓரத்தில் தேங்காய் எண்ணெய் பளபளவென்று கசிந்தது. முந்திரியைத் தூவி இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கினார்கள். சூட்டோடு ஒரு துண்டு வாழையிலைக் கிழிசலில் வைத்துக் கொடுத்தார். கருப்பட்டியின் புகைவாசம் முதலில், தேங்காய் பின்னால்.

இதே பலகாரம் இலங்கையிலும் மலேயாவிலும் தொதோல், தோடோல் என்று உண்டு. கப்பலில் இங்கிருந்து போனதா, அங்கிருந்து வந்ததா என்ற வழக்கு எனக்குத் தேவையில்லை. தென்னையும் பனையும் கப்பலும் ஒரே ஊரில் இருந்தால் இப்படி ஒன்று வந்தே தீரும். அரைக் கிலோ வாங்கினோம், அப்புறம் யோசித்து இன்னும் அரைக் கிலோ.

பஸ் ஏறும் முன் ஒரு சங்குப் பட்டறை. மன்னார் வளைகுடாவின் சங்குக்கு வங்காளத்தில் காலங்காலமாகக் கிராக்கி, அங்கே சுமங்கலிப் பெண்கள் போடும் சங்கு வளையலுக்காக. முத்துக் குளிப்பு நின்று பல வருஷம் ஆனாலும் சங்கு வியாபாரம் இன்னும் நடக்கிறது. பட்டறைக்காரர் ஒரு சின்னச் சங்கை எடுத்து வாய்ப்பக்கத்து விளிம்பைக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் விரலால் தடவிப் பார்த்தார். பிள்ளைகளுக்குப் பால் புகட்டும் பாலாடைச் சங்கு, விளிம்பில் ஒரு பிசிறு இருந்தாலும் குழந்தையின் உதடு கிழியும். மனைவியின் தங்கைக்கு மாசியில் பிரசவம். அந்தச் சங்கையே வாங்கிக்கொண்டோம்.

வியாழன், திருப்புல்லாணி

இன்று சுருக்கமாக. ராமநாதபுரத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் திருப்புல்லாணி. ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்த கோலத்தில் இங்கே இருக்கிறார், இலங்கைக்குப் போகக் கடலிடம் வழி கேட்டுக் காத்திருந்த இடம் என்பார்கள். மார்கழி என்பதால் விடியற்காலையிலேயே திருப்பாவை கேட்டது. பிள்ளை வேண்டி வருகிறவர்களுக்குப் பாயசம் பிரசாதமாகக் கொடுப்பது இந்தக் கோயிலின் வழக்கம். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற இளம் தம்பதி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தூணோரமாகப் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நல்லது நடக்கட்டும்.

அங்கிருந்து சேதுக்கரை நாலு கிலோமீட்டர்தான். கடலைப் பார்த்து நிற்கும் ஆஞ்சநேயர், தர்ப்பணம் செய்ய வந்த குடும்பங்கள். இன்றும் கடல் அடங்கித்தான் இருந்தது. முழங்கால் ஆழத்தில் நின்றுவிட்டுக் கிளம்பினோம்.

நாளை பெரியபட்டினம். மணலுக்குள்ளிருந்து சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த ஊர். நேரம் இருந்தால் உத்தரகோசமங்கை. ஆருத்ரா தரிசனத்துக்கு முன்னால் போவதால் மரகத நடராஜர் சந்தனக் காப்போடுதான் இருப்பார், பரவாயில்லை. கீழக்கரை மச்சான் காலையில் போன் செய்து பெரியபட்டினத்தில் எந்த வீட்டில் மத்தியானம் சாப்பிட வேண்டும் என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார்.